கொடுப்பனவு வருகிறது, சிகிச்சையாளர் வரவில்லை

மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையுள்ள எமது கரையோர ஊர்களில், விசேட தேவையுடைய பிள்ளையை வளர்க்கும் ஒரு தாயிடம் "அரசாங்கத்திலிருந்து என்ன கிடைக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "மாசக் காசு கிடைக்குது" என்பார். காசு கிடைக்காதவர், "இன்னும் பேர் வரல்ல" என்பார். வயதானவர்கள் மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொதுசன உதவிப்பணத்தையும் சேர்த்து "பிச்சைச் சம்பளம்" என்று பழைய பெயரால் சொல்வதுண்டு. அந்தப் பெயர் எனக்குப் பிடிப்பதில்லை. சவர்க்காரம் வாங்கினாலும் பால்மா வாங்கினாலும் நாமும் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தைத்தான் பாராளுமன்றம் ஆண்டுதோறும் பங்கிடுகிறது. இதில் பிச்சை எங்கே வந்தது?

வலுவிழந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 5,000 ரூபாயாக இருந்தது. 2024இல் அது 7,500 ரூபாயானது. 2025 வரவு செலவுத் திட்டத்தின்படி அந்த ஆண்டு ஏப்ரல் முதல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இது நல்ல விடயம், குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் 2022 செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறி நின்றதை நாம் மறக்கவில்லை. கூட்டிய தொகையில் பெரும்பகுதி, இழந்ததை ஈடுசெய்யவே போய்விட்டது.

நெசவு வேலை செய்யும் ஒரு தாய், அந்தக் காசுக்குக் கொப்பியில் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். மகனுக்கு வயது ஒன்பது. பேச்சு இல்லை, மலசலத்துக்குச் சொல்லத் தெரியாது. காசில் பாதிக்கு மேல் பெம்பர்ஸுக்குப் போகிறது, மிகுதி கிளினிக்குக்குப் போகும் ஓட்டோவுக்கு. அவர் தறியில் உட்காராத நாட்களில் இழக்கும் கூலி அந்தக் கொப்பியில் இல்லை. அதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது செலவா மிஸ்?" என்று திருப்பிக் கேட்டார்.

காசு வேறு, சேவை வேறு

சகோதரிகளே, இந்த இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். 10,000 ரூபாயோடு சந்தைக்குப் போனால் அரிசி வாங்கலாம். பேச்சுச் சிகிச்சை வாங்க முடியாது. அதைத் தருவதற்கு ஓர் ஆள் ஊரில் இருக்க வேண்டுமே! பேச்சுச் சிகிச்சையாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், விசேட கல்வி பயின்ற ஆசிரியை, பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் நிலையம், அங்கே கொண்டுபோக ஒரு வாகனம், இவையெல்லாம் சேவைகள். கொடுப்பனவு கூடினால் அது பத்திரிகையில் தலைப்புச் செய்தியாகும். ஒரு சிகிச்சையாளரின் வெற்றிடம் பல ஆண்டுகள் நிரப்பப்படாமல் கிடந்தால் அது எந்தப் பத்திரிகையிலும் வராது.

எமது நாட்டில் பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கான பயிற்சி 1997இல்தான் களனிப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமானது. அப்படிப் பயின்று வந்தவர்களில் தமிழில் வேலை செய்யக்கூடியவர்கள் குறைவு. இருதய நோயை மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சமாளிக்கலாம். "உம்மா" என்ற முதற்சொல்லை ஒரு பிள்ளையின் வாயில் வரவழைக்கும் வேலையை அப்படிச் செய்ய இயலாது.

வயது விடயமும் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்கு முன் கிடைக்கும் பயிற்சிதான் அதிக பலன் தரும். ஆனால் 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பு ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் இயலாமையை மட்டுமே பதிந்தது. அதன்படி நாடு முழுவதும் சுமார் 16 இலட்சம் பேர் ஏதோவொரு சிரமத்துடன் வாழ்ந்தார்கள். சிறு குழந்தைகள் அதில் இல்லை. கம்பஹா மாவட்டத்தில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடையே செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று, 93 பேரில் ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதைக் கண்டது. எமது கரையோரத்தில் எத்தனை பேர்? எண்ணிக்கையோடு போகாதவர்களுக்கு வரவு செலவுத் திட்டத்தில் வரி கிடைப்பது கடினம்.

இதில் எமது பங்கும் இருக்கிறது. "அவன்ட வாப்பாவும் நாலு வயசிலதான் கதைச்சாராம்" என்று காத்திருப்போம். கண்ணூறு என்போம், தண்ணீர் ஓதிக் கொடுப்போம். ஓதுவதை நான் தடுப்பதில்லை, கிளினிக்குக்கும் போங்கள் என்றுதான் சொல்கிறேன். மூத்தவளுக்கு மாப்பிள்ளை பேசும் நேரத்தில் இளையவனை அறைக்குள் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தே கல்யாணம் முடிக்கும் எமது ஊர் வழக்கத்தில், அந்தத் தாயின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அறைக்குள் இருக்கும் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பணம் எந்த வழியால் வருகிறது?

விசேட தேவையுடைய பிள்ளைக்கென்று திறைசேரியில் தனிப் பெட்டி ஒன்று கிடையாது. கொடுப்பனவு மத்திய அரசின் பணம். வைத்தியசாலைச் சிகிச்சையாளரின் சம்பளம் சுகாதாரச் செலவில் வரும். விசேட கல்விப் பிரிவுகள் உள்ள பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணத்துக்குரியவை, ஆகவே ஆசிரியையின் சம்பளம் மாகாணக் கல்வியில். பகல் பராமரிப்பு சமூக சேவையில். நாலு இடத்தில் சிதறிக் கிடப்பதால் யாரிடம் கேட்டாலும் அடுத்த கந்தோரைக் காட்டுகிறார்கள். கல்முனைக்குள்ளேயே இரண்டு ஆதார வைத்தியசாலைகளும், எல்லை பற்றிய தீராத வாக்குவாதமும் இருக்கின்றன. அந்த வாக்குவாதத்துக்குச் செலவான சக்தியில் ஒரு பங்கையாவது இந்தப் பிள்ளைகளுக்குத் திருப்பியிருக்கலாம்.

இன்னொரு சிக்கல், ஆளணி. அரசாங்கத்தில் ஒரு பதவி இருக்க வேண்டுமானால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அதை அங்கீகரிக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாவிட்டால், படித்த ஆள் வாசலில் நின்றாலும் நியமிக்க முடியாது. "ஆள் இல்லை" என்று ஒரு கந்தோரில் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு: பதவி இருந்து வெற்றிடமாக இருக்கிறதா, பதவியே இல்லையா? வெற்றிடத்தை இடமாற்றத்தால் நிரப்பலாம். இல்லாத பதவியைக் கொழும்பில்தான் உருவாக்க வேண்டும்.

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகளாகத் தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கீழேயே மாகாண நிதி நிர்வகிக்கப்பட்டு வந்துள்ளது. சபையில் எழுந்து கேள்வி கேட்கும் உறுப்பினர் இல்லாத காலத்தில், மாகாணத்தின் பணத்தைப் பற்றி யார் கேட்பது?

2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பின் வந்த நிறுவனங்கள் சக்கர நாற்காலி கொடுத்தன, பயிற்சி கொடுத்தன, சில இடங்களில் நிலையமும் திறந்தன. நல்ல மனதோடுதான் செய்தார்கள். திட்டம் முடிந்ததும் பெயர்ப்பலகையும் போய்விட்டது. பிள்ளைக்குத் திட்டக் காலம் என்று ஒன்று இல்லையே. ஆகவேதான் இதை அரசின் வருடாந்தச் செலவாகக் கேட்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் உலக வங்கிக் கடனுதவியோடு 'உரிமைகள்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பெற்றோர் நகரத்துக்கு அலையாமல் அண்மையிலேயே சிகிச்சை நிலையங்கள் அமைப்பது அதில் ஒரு பகுதி. கடன் முடிந்தபின் எப்படி நடக்கும் என்ற கேள்வி அங்கும் உண்டு. ஆனாலும் உதவித்தொகைக்குப் புறம்பாக, சேவைக்கென்று ஒரு கணக்கை எழுதினார்கள்.

பெரியவர்களை நாம் இன்னும் பேசவே இல்லை. 1990இன் ஊரடங்கு இரவொன்றில் பிரசவ வலி கண்டு, வைத்தியசாலைக்குப் போக வழியில்லாமல் கிடந்த ஒரு தாயைத் தெரியும். மகளுக்குப் பெருமூளை வாதம். கணவரையும் அந்த யுத்தம் கொண்டுபோனது. மகளுக்கு இப்போது 35 வயது, தாய்க்கு முழங்கால் வலி, தூக்கிக் குளிப்பாட்ட முடியவில்லை. "நான் மௌத்தானா இவளை யாரு பாக்குற?" என்று கேட்டார். கொடுப்பனவு அவருக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த மகளைப் பகலில் இரண்டு மணித்தியாலம் விட்டுவைக்க ஓர் இடத்தை என்னால் காட்ட முடியவில்லை.

எங்கே, எப்போது கேட்பது?

எமது நிதியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டத்தை வழமையாக ஒக்டோபர், நவம்பரில் வாசிப்பார்கள். ஆனால் திணைக்களங்கள் அடுத்த வருடத் தேவையை அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எழுதத் தொடங்கிவிடும். வாசித்ததைக் கேட்டுவிட்டு டிசம்பரில் மகஜர் கொடுப்பது, அறுவடை முடிந்தபின் விதைப்பதைப் போன்றது. ஜூன் மாதத்துக்கு முன் போங்கள். தனியே போகாமல் நாலைந்து தாய்மார் சேர்ந்து போங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர், வலயக் கல்வி அலுவலகம், கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை ஆகிய மூன்றிலும் ஒரே கடிதத்தைக் கொடுக்கலாம்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் உண்டு. தமிழிலேயே கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அந்த உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். உங்கள் அலுவலகத்தின் கீழ் பேச்சுச் சிகிச்சையாளருக்கு எத்தனை பதவி அங்கீகரிக்கப்பட்டுள்ளது, அதில் எத்தனை வெற்றிடம், எந்தத் திகதியிலிருந்து, அடுத்த வருட மதிப்பீட்டில் இதற்குக் கேட்ட தொகை எவ்வளவு? விசேட கல்வி ஆசிரியைக்கும் இதே கேள்விதான். கொடுத்ததும் பற்றுச்சீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைத் தருவது அவர்களுடைய கடமை. திகதி இருக்கிறதா என்று பார்த்து, பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள்.