வெறும் வயிறு தேவையில்லை: கர்ப்பகால நீரிழிவைக் கண்டறியும் சோதனை

புது தில்லி: கர்ப்பிணியின் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பது தெரிந்தால், இனிப்பை அதிகம் தின்றதால் வந்த வினை என்று வீட்டார் அவரையே குறை கூறுவதுண்டு. இது முறையன்று. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் செயல்பாட்டை மட்டுப்படுத்துகின்றன. கணையம் கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்ட இயலாதபோது சர்க்கரை உயர்கிறது. உடல் பருமன், குடும்பத்தில் நீரிழிவு, கூடிய வயது ஆகியவை அபாயத்தை அதிகரிக்கும். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் இது வரலாம்.

பெரும்பாலும் அறிகுறி இராது. எனவேதான் கர்ப்பிணிகள் அனைவருக்கும் பரிசோதனை செய்யுமாறு மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முதல் வருகையின்போதும், பின்னர் 24 முதல் 28 வாரங்களுக்குள்ளும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீர் அருந்தத் தரப்படும். 2 மணி நேரம் கழித்து எடுக்கும் ரத்தத்தில், 100 மில்லி லிட்டருக்கு 140 மில்லி கிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படும்.

இதற்கு வெறும் வயிற்றுடன் வரத் தேவையில்லை. தொலைவிலிருந்து சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணை, நாளை சாப்பிடாமல் வாருங்கள் எனத் திருப்பியனுப்பினால் மீண்டும் வருவாரா? சென்னை மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்திவந்த முறை இது.

கவனியாது விட்டால் கரு அளவுக்கு மீறிப் பருத்துப் பிரசவம் சிக்கலாகலாம். பிறந்த சிசுவின் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். பலருக்கு உணவு முறையும் நடைப்பயிற்சியுமே போதும். மற்றவர்களுக்கு மருந்து அல்லது இன்சுலின்.

பிரசவத்துக்குப் பின் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பும். அத்துடன் தாயை மறந்துவிடுவதுதான் வேதனை. பிற்காலத்தில் அவருக்கு நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம். 6 வாரங்களில் அவருக்கு மறுபரிசோதனை அவசியம். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் நாளிலேயே அதைச் செய்துகொள்ளலாம்; அன்று மட்டும் வெறும் வயிற்றுடன் வரவேண்டும்.