விரிதாளில் நேரக் கணக்கு

வேளாண்மை, நீர்ப்பாசனம், வானிலை, சாலைப்பணி முதலிய துறைகளின் களப்பணியாளர் நாள்தோறும் குறிக்கும் விவரங்களில் நேரம் இன்றியமையாத ஒன்றாகும். பம்பு எத்தனை மணி ஓடிற்று, தொழிலாளி எத்தனை மணி உழைத்தார், மழை எப்பொழுது பெய்தது என்பன இக்காலத்தில் பெரும்பாலும் கணிப்பொறியின் விரிதாளிலேயே பதியப்படுகின்றன. ஏனைய எண்களைப் போலவே நேரத்தையும் கூட்டிக் கழிக்கும்போது விடை சில வேளைகளில் பெரிதும் பிழைபடுகின்றது. பிழை நேர்ந்ததெனக் கணிப்பொறி எப்போதும் அறிவிப்பதும் இல்லை. ஆறு நாட்களில் 35 மணி உழைத்தவரின் கணக்கு 11 மணி என்று தோன்றுமாயின், நஷ்டம் அவருடைய கூலியைச் சாரும். இத்தகைய பிழைகளிற் பல ஒரே அடிப்படையை அறியாமையால் விளைபவை. அதனை அறிந்துகொண்டால் அவற்றைத் தவிர்ப்பது எளிது.

நாளின் பின்னமே நேரம்

எக்ஸெல், லிப்ரே ஆபீஸ் கால்க் முதலிய விரிதாள்கள் நேரத்தை மணியாகவும் நிமிஷமாகவும் சேமிப்பதில்லை. ஒரு முழு நாளை 1 என்னும் எண்ணாகக் கொண்டு, நேரத்தை அதன் பின்னமாகச் சேமிக்கின்றன. காலை 6 மணி 0.25 ஆகும், நண்பகல் 0.5, மாலை 6 மணி 0.75. அதாவது, நள்ளிரவிலிருந்து முறையே கால் நாள், அரை நாள், முக்கால் நாள் கழிந்துள்ளன என்பது பொருள். ஒரு மணி என்பது நாளில் 24-இல் ஒரு பங்கு; ஒரு நிமிஷம் 1,440-இல் ஒரு பங்கு. நாளை 60 நாழிகைகளாகப் பகுக்கும் பஞ்சாங்க முறையை அறிந்தோர்க்கு இக்கருத்துப் புதிதன்று. அங்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்குகின்றது. இங்கு நள்ளிரவில் தொடங்குகின்றது.

தேதி முழு எண்ணாகச் சேமிக்கப்படுகின்றது. எக்ஸெலின் வழக்கமான முறையில் 1900 ஜனவரி 1-ஆம் நாளின் எண் 1. அம்முறைப்படி 1947 ஆகஸ்டு 15-ஆம் நாளின் எண் 17394. அந்நாளின் நண்பகல் 17394.5. கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் மணியும் தேதியும் இவ்வெண்ணின் வெளித்தோற்றமே. தோற்றத்தை மாற்றினால் எண் மாறுவதில்லை. கணக்கு நிகழ்வது எண்ணைக் கொண்டே.

பதிவு செய்யும் முறை

தமிழில் 8.30 மணி என்று புள்ளியிட்டு எழுதுவது வழக்கம். விரிதாளில் அவ்வாறு இட்டால் அது சாதாரணமாக எட்டு நாளும், மேலும் ஒரு நாளில் பத்தில் மூன்று பங்கும் என்றே கொள்ளப்படும். அக்கட்டத்தை நேர வடிவில் நோக்கினால் 7:12 என்று தோன்றும். ஆகவே மணிக்கும் நிமிஷத்திற்கும் இடையே முக்காற்புள்ளி இட்டு 8:30 என்று பதிய வேண்டும்.

எண்ணாக ஏற்கப்பட்ட நேரம் கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும். வெறும் எழுத்தாகக் கொள்ளப்பட்டது இடப்புறம் நிற்கும். ஒரு நெடுவரிசையைக் கூட்டும் ‘சம்’ என்னும் சூத்திரம் எழுத்தாக நிற்பவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டுமே கூட்டும். எனவே கூட்டுமுன் நெடுவரிசை முழுவதையும் ஒருமுறை பார்வையிடுதல் நலம்.

24 மணிக்கு மேற்பட்ட கூட்டுத்தொகை

ஒருவர் ஆறு நாட்களில் முறையே 6:30, 5:45, 7:00, 6:15, 4:30, 5:00 மணி நேரம் உழைத்தார் என்க. கூட்டுத்தொகை 35 மணி. ஆயின் சாதாரண நேர வடிவில் 11:00 என்றே காட்டப்படும். முழு நாள் ஒன்று, அதாவது 24 மணி, தேதிப் பகுதியிற் சென்று மறைந்ததே இதன் காரணம். உள்ளிருக்கும் எண் சரியானதே. வடிவமைப்பில் மணியைக் குறிக்கும் ‘எச்’ என்னும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட்டால் 35:00 என்று முழுத்தொகையும் தோன்றும்.

கூலியைக் கணிக்கும்போது வேறொரு கவனம் தேவை. மணிக்கு 80 ரூபாய் வீதம் 7 மணி 30 நிமிஷத்திற்குரிய கூலி 600 ரூபாய். ஆனால் 7:30 என்ற கட்டத்தை 80-ஆல் நேரே பெருக்கினால் கிடைப்பது 25 மட்டுமே. ஏனெனில் 7:30 என்பதன் உள்மதிப்பு 0.3125. முதலில் 24-ஆல் பெருக்கி 7.5 மணி என்றாக்கி, பின்னரே கூலி வீதத்தால் பெருக்க வேண்டும். இதற்கு அஞ்சி நேரத்தை 7.30 என்று பதிந்து பெருக்குவோரும் உண்டு. அது 7 மணி 18 நிமிஷத்தையே குறிக்குமாதலின் 584 ரூபாய் வரும். தொழிலாளிக்கு 16 ரூபாய் குறையும்.

நள்ளிரவைக் கடக்கும் நேரம்

இரவு 10 மணிக்கு இயக்கிய பம்பு மறுநாள் காலை 4 மணிக்கு நிறுத்தப்பட்டது எனின், 4:00-இலிருந்து 22:00-ஐக் கழிக்க −0.75 என்னும் குறை எண் வரும். எக்ஸெல் அதனை நேர வடிவில் காட்ட இயலாமல் கட்டம் முழுவதும் குறிகளை நிரப்பும். இயக்கிய வேளையையும் நிறுத்திய வேளையையும் தேதியோடு சேர்த்துப் பதிவதே சிறந்த முறை. தேதி இல்லாவிடில், கழித்து வந்த எண்ணை ‘மாட்’ என்னும் சூத்திரத்தில் இட்டு 1-ஆல் வகுத்த மீதியைக் காணலாம். விடை 0.25, அதாவது 6 மணி. இடைப்பட்ட காலம் 24 மணிக்குக் குறைவாயிருந்தால் மட்டுமே இம்முறை பொருந்தும்.

மழைப் பதிவில் நாள்

இந்தியாவில் ஒரு தேதிக்குரிய மழையளவு என வானிலைத் துறை கொள்வது, அத்தேதியின் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் பெய்ததாகும். ஆகவே 9-ஆம் தேதி இரவு 11 மணிக்குப் பெய்த மழை 10-ஆம் தேதிக் கணக்கைச் சேரும். மணிவாரியாகப் பதிந்த குறிப்புகளை நாள்வாரியாகத் தொகுக்கையில், நள்ளிரவையே எல்லையாகக் கொண்டால் ஒரே இரவின் மழை இரு நாட்களாகப் பிரிந்துவிடும். இதனைத் தவிர்க்க, தேதியும் நேரமும் சேர்ந்த எண்ணிலிருந்து 8:30-ஐக் கழித்து, முழு எண்ணை மட்டும் எடுத்து, 1 கூட்ட வேண்டும்.

உலக நேரத்தில் கிடைக்கும் குறிப்புகளோடு 5:30 கூட்டினால் இந்திய நேரம் பெறலாம். உலக நேரம் 3:00 என்பது இங்கு 8:30. ஆயின் உலக நேரம் 20:00 என்பது இங்கு மறுநாள் 1:30 ஆகும். தேதியின்றி நேரத்தை மட்டும் மாற்றினால் அக்குறிப்பு ஒரு நாள் முந்திவிடும்.

வகுப்பில் செய்து காட்ட

பின்னங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விஷயத்தைப் பயிற்சியாக அமைக்கலாம். ஒரு கட்டத்தில் 6:00 என்று பதியச் செய்து, வடிவத்தைச் சாதாரண எண்ணாக மாற்றினால் 0.25 தோன்றும். பின்னர் 9:00, 18:00, 21:00 ஆகியவற்றின் எண்களை மாணவர்கள் முதலில் தாளில் கணித்து, பிறகு விரிதாளோடு ஒப்பிடலாம்.

களப்பணியாளரும் மாதக் கணக்கை அனுப்புமுன் இரண்டொரு வரிகளைக் கையால் கூட்டி ஒத்துப்பார்த்தல் வேண்டும். விடையில் ஐயம் தோன்றினால் அக்கட்டத்தைச் சாதாரண எண் வடிவில் நோக்கினால் போதும். பிழை எண்ணில் உள்ளதா, தோற்றத்தில் மட்டும் உள்ளதா என்பது உடனே புலப்படும்.