கைத்துப்பாக்கியைத் தடை செய்யலாம், வீச்சரிவாளை என்ன செய்வது?

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் துப்பாக்கிச் சூடு நிகழும்போதெல்லாம், கைத்துப்பாக்கியைத் தனிமனிதர் வைத்திருக்கலாமா என்ற விவாதம் நம் ஊடகங்களிலும் ஒரு வாரம் நடந்து ஓய்கிறது. தடை கேட்போர் பெரும்பாலும் மேற்கோள் காட்டுவது டன்பிளேன் நிகழ்வை. ஸ்காட்லாந்தின் அந்தச் சிற்றூரில் 1996 மார்ச் 13 அன்று, உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளுடன் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்த ஒருவன் 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியரையும் கொன்றான். மறு ஆண்டே பிரிட்டன் இரு திருத்தச் சட்டங்களை இயற்றியது. வட அயர்லாந்து நீங்கலாக நாடெங்கும் ஏறக்குறைய எல்லாக் கைத்துப்பாக்கிகளும் தனியாரிடமிருந்து மீட்கப்பட்டன. கொலைக்கருவி உரிமம் பெற்றது என்பதால் உரிமத்தை ஒழிப்பதே விடை என்று அவர்கள் முடிவு செய்தனர். அம்முடிவு சரியானது என்றே நாம் கருதுகிறோம்.

இந்தியாவில் 2007 டிசம்பர் 11 அன்று குர்கானில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர்கள் சக மாணவர்கள். துப்பாக்கி அவர்களில் ஒருவனின் தந்தையுடையது. 21 வயது நிறையாதவருக்கு உரிமம் கிடையாது என்று சட்டம் சொல்கிறது. வீட்டு அலமாரியில் இருக்கும் துப்பாக்கிக்கு வயது வரம்பு தெரியாது. 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

ஆயினும் தமிழ் மண்ணில் பள்ளிப் பிள்ளையின் உடலில் விழும் காயம் பெரும்பாலும் துப்பாக்கியால் ஏற்படுவதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவரை அவருடன் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் இரவில் வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். சாதியச் சீண்டலைப் பள்ளியில் முறையிட்டதே அம்மாணவர் செய்த ‘குற்றம்’.

இங்கே எதைத் தடை செய்வது? 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுப் பயன்பாட்டுக்கோ வேளாண்மைக்கோ மட்டுமே வடிவமைக்கப்பட்ட பொருள்களை ஆயுதம் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. காவிரிக் கடைமடையில் இந்த விலக்கு நியாயமானது. கதிர் அரிவாளைப் பறித்தால் முதலில் பட்டினி கிடப்பது அறுவடைக் கூலியான தலித் பெண்ணே. ஆனால் ‘மட்டுமே’ என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். வீச்சரிவாள் கதிர் அறுக்கச் செய்யப்பட்டதன்று. அதை ஆயுதமாகக் கொண்டாலும், துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கு உரிமம் தேவைப்படுவது, ஒன்றிய அரசு குறிப்பிட்ட பகுதியைச் சுட்டி அறிவிக்கை வெளியிட்டால் மட்டுமே. காரைக்காலின் நிலையும் இதுதான். 2017 ஜனவரியில் நிரவியில் முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி. சிவக்குமார் கொல்லப்பட்டபோது வீசப்பட்டது நாட்டு வெடிகுண்டு. தொடர்ந்தது அரிவாள் வெட்டு. உயர்ந்த இடத்தில் இருந்த ஒருவரையே இவை எட்டும் என்றால் சேரிக் குடும்பத்திற்கு என்ன காவல்?

இதனால் துப்பாக்கி நம் பிரச்சினையன்று என்று சிலர் முடிவுகட்டிவிடுகின்றனர். அது பிழை. காரைக்காலுக்குத் தெற்கே, நாகை வட்டாரத்துக் கீழ்வெண்மணிக்கு 1968 டிசம்பர் 25 இரவு வந்த மிராசுதாரர் கூட்டத்திடம் துப்பாக்கிகள் இருந்தன. குண்டுக்குத் தப்பி ஓடியவர்கள்தாம் ஒரே குடிசைக்குள் ஒடுங்கினர். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டு 44 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தீ நம் நினைவில் நிற்கிறது. அவர்களைத் தீயை நோக்கி விரட்டிய துப்பாக்கி நினைவில் நிற்பதில்லை.

இந்த வரலாற்றை அறிந்ததுபோலவே எழுதப்பட்ட விதி ஒன்று நம் சட்டத்தில் உண்டு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இன் மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும் என்கிறது. தேவையெனக் கருதினால் அப்பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோரின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் சேர்க்கலாம். உரிமம் பெற்றவரோடு அவருடைய நெருங்கிய உறவினர், பணியாளர், குடும்ப நண்பர் ஆகியோரின் உரிமங்களும் இதில் அடங்கும். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யும் கடமையும் கூறப்பட்டுள்ளது. பிரிட்டன் எல்லோரிடமிருந்தும் பறித்தது. நம் விதியோ, அதிகாரம் எந்தப் பக்கம் குவிந்திருக்கிறது என்று பார்த்துப் பறிக்கச் சொல்கிறது. சாதியச் சமூகத்திற்கு இதுவே பொருத்தமான தடை.

அதே விதி, தேவைப்பட்டால் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்கலாம் என்றும் சொல்கிறது. இதில் நமக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. தற்காப்பு உரிமையை மறுக்க யாருக்கும் அதிகாரமில்லை. எனினும் குர்கானில் திறந்த அலமாரி நம் வீட்டிலும் திறக்கக்கூடும். கூலிக் குடும்பத்தால் துப்பாக்கி விலையைக் கொடுக்க முடியுமா என்பது தனிக் கேள்வி. முதலில் எதிர்த்தரப்பின் உரிமங்களை ரத்து செய்யட்டும் என்பதே நம் நிலைப்பாடு.

பள்ளி தொடர்பாக இன்னொரு சிக்கல் உண்டு. நாங்குநேரிக்குப் பின் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, நெற்றிக் குறி ஆகியவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி நீக்கம் எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. அரிவாள் கைக்கு வருமுன் கயிறு கைக்கு வந்துவிடுகிறது என்பதை அக்குழு உணர்ந்திருந்தது. ஆனால் அது தமிழ்நாட்டிற்கான அறிக்கை. மூன்று பக்கமும் தமிழ்நாட்டு நிலம் சூழ்ந்த காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. நாகூரிலிருந்து எல்லை கடக்கும் பேருந்தில் கயிறும் பகையும் தடையின்றி வருகின்றன; பரிந்துரைகள் வருவதில்லை.

மூன்றாம் விதிக்கு இந்த எல்லைச் சிக்கல் இல்லை. அது புதுச்சேரிக்கும் பொருந்தும். காரைக்கால் மாவட்டத்தில் நடப்பிலுள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை, வன்கொடுமை நிகழக்கூடியவை என அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை, அவ்வூர்களில் இதுவரை ரத்தான உரிமங்கள் எத்தனை? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரகத்திற்கு இம்மூன்று கேள்விகளையும் கல்லூரி மாணவர் எவரும் அனுப்பலாம். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.