சிஸ்டோமஸ் சரானா (கெண்டை)

சிஸ்டோமஸ் சரானா என்பது சிப்ரினிடே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நன்னீர் மீன் ஆகும். இது இந்தியத் துணைக்கண்டத்தின் ஆறுகள், ஏரிகள், குளங்கள், நீர்த்தேக்கங்கள் ஆகியவற்றில் வாழ்கிறது. தமிழ்நாட்டில் இதுவும் கெண்டை என்றே அழைக்கப்படுகிறது. நன்கு வளர்ந்த மீன் ஏறத்தாழ 40 செ.மீ. நீளத்தை எட்டக்கூடும். எனினும் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் இதைவிடச் சிறியவை.

பெயர்க்குழப்பம்

கெண்டை என்னும் சொல் ஓர் இனத்தைக் குறிப்பதன்று. விரல் நீளமே உள்ள குளத்து மீன்கள் முதல் பல கிலோ எடையுள்ள வளர்ப்பு மீன்கள் வரை இப்பெயரில் அடங்கும். 1939ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து உதகமண்டலத்திற்குக் கொண்டுவரப்பட்ட மீன் சாதாக் கெண்டை எனப்படுகிறது. 1959இல் இந்தியாவிற்கு வந்த இரு சீன மீன்கள் வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை எனப் பெயர் பெற்றன. இலக்கியங்களில் கண்ணுக்கு உவமையாகக் கூறப்படும் கயல், சேல், கெண்டை ஆகிய சொற்களும் இனம் பிரித்தறிய உதவுவதில்லை.

இக்குழப்பம் சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. திருவண்ணாமலை நகரிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில், தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே 1958இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை உள்ளது. இது போன்ற நீர்த்தேக்கங்களில் வளர்ப்பு மீன்களின் குஞ்சுகள் விடப்படுவது வழக்கம். பிடிபட்ட மீன்கள் அனைத்தையும் 'கெண்டை' என ஒரே தலைப்பில் எழுதினால், ஆற்றுக்கே உரிய கெண்டை குறைந்து வந்தாலும் வளர்ப்பு மீன்களின் எடை அதனை மறைத்துவிடும். ஆகவே உடலமைப்பைக் கொண்டு இனத்தைப் பிரித்தறிவது இன்றியமையாததாகிறது.

மீசைகள்

முதலில் நோக்கவேண்டியது வாய்ப்பகுதி. இம்மீனுக்கு இரண்டு இணை மீசைகள் (உணரிழைகள்) உண்டு. ஓர் இணை முகத்தின் நுனியிலும், மற்றோர் இணை வாயின் இரு மூலைகளிலும் அமைந்துள்ளன. இவை தொடுவுணர்வும் சுவையுணர்வும் உடையவை. கலங்கிய நீரின் அடியில் இரை தேட இவை பயன்படுகின்றன.

மீசைகளை எண்ணுவது எளிதாகத் தோன்றினாலும் இதில் ஒரு சிக்கல் உண்டு. இறந்த மீனில் இவை உதட்டோரப் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். வலையில் சிக்கி அறுந்தும் போகலாம். எனவே மீனைச் சிறிது நேரம் நீரிலிட்டு, மெல்லிய ஊசியால் வாயோரத்தை நீவிப் பார்க்கவேண்டும். மீசை தென்படவில்லை என்பதால் மீசையே இல்லை என முடிவு செய்தலாகாது.

இக்குடும்ப மீன்களின் தாடைகளில் பற்கள் இல்லை. உணவை அரைக்கும் பற்கள் தொண்டையினுள் அமைந்துள்ளன.

முதுகுத் துடுப்பு

மீசைகளைவிட நம்பத்தக்க அடையாளம் முதுகுத் துடுப்பின் முன்புறமுள்ள முள் ஆகும். துல்லியமாகச் சொன்னால் இது முள்ளன்று. கிளைக்காத துடுப்புக் கதிர்களுள் கடைசியானது எலும்பாகத் தடித்திருப்பதே முள் போலத் தோன்றுகிறது. சிஸ்டோமஸ் பேரினத்தில் இக்கதிரின் பின்விளிம்பு அரம்போல் பல்லுடையது. விரல் நகத்தால் மெல்ல வருடினாலே சொரசொரப்பு தெரியும். இதன் பின் 8 கிளைத்த கதிர்கள் உள்ளன.

நீண்ட முகமுடைய புண்டியஸ் டோர்சாலிஸ் என்னும் கெண்டையில் இக்கதிர் வழவழப்பானது. அதற்கு வாய் மூலையில் ஓர் இணை மீசை மட்டுமே உண்டு. முதுகுத் துடுப்பின் பின்பகுதி அடியில் ஒரு கரும்புள்ளியும் காணப்படும். பெத்தியா பேரினத்தைச் சேர்ந்த சிறு கெண்டைகளில் கதிர் பல்லுடையதாக இருப்பினும், முகநுனியில் மீசை இராது. ஆகவே பல்லுடைய கதிர், இரண்டு இணை மீசைகள் ஆகிய இரண்டும் சேர்ந்திருப்பதே இங்கு அடையாளம்.

பக்கக்கோடு

செவுள் மூடியின் பின்னிருந்து வாலடி வரை, நடுவில் துளையுள்ள செதில்களின் வரிசை ஒன்று செல்கிறது. இதுவே பக்கக்கோடு. நீரின் அசைவை மீன் உணர்வது இதனால்தான். சிஸ்டோமஸ் சரானாவில் இக்கோடு இடையில் அறாமல் வால் வரை செல்லும். இதில் ஏறத்தாழ 28 முதல் 34 செதில்கள் இருக்கும். பெத்தியா இனங்கள் பலவற்றில் இக்கோடு பாதியிலேயே நின்றுவிடுகிறது. எண்ணும்போது வால் துடுப்பின் மீதுள்ள செதில்களைச் சேர்த்தல் கூடாது. உதிர்ந்த செதிலின் இடத்தில் எஞ்சியிருக்கும் பை போன்ற குழியையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

நிறமும் அளவும்

உடல் வெள்ளி நிறமாகவும் முதுகு பச்சை கலந்த பழுப்பாகவும் இருக்கும். வாலடிக்கு முன் பக்கவாட்டில் மங்கலான கரும்புள்ளி ஒன்று காணப்படும். புள்ளி இருப்பது துணைச் சான்றாகுமேயன்றி, அதை மட்டும் கொண்டு இனத்தை முடிவு செய்ய இயலாது; வேறு பல கெண்டைகளுக்கும் வாலருகே புள்ளி உண்டு. நிறம் நீரின் தன்மை, வயது, இனப்பெருக்கப் பருவம் ஆகியவற்றிற்கேற்ப மாறும். ஃபார்மலினில் பாதுகாக்கப்பட்ட மீன்களில் சிவப்பும் மஞ்சளும் மறைந்து, கருநிறப் புள்ளிகள் மட்டும் நெடுங்காலம் எஞ்சும்.

அளவும் ஏமாற்றக்கூடியதே. இம்மீனின் குஞ்சு, முழு வளர்ச்சியடைந்த சிறு கெண்டையின் அளவே இருக்கும்.

சாதாக் கெண்டையுடன் ஒப்பீடு

வெள்ளிக் கெண்டைக்கும் புல் கெண்டைக்கும் மீசை இல்லாததால் அவற்றை உடனே விலக்கிவிடலாம். சாதாக் கெண்டையோ இரண்டு இணை மீசைகளும் பல்லுடைய முதுகுக் கதிரும் கொண்டது. மேற்கூறிய முதல் இரு அடையாளங்களை மட்டும் பார்ப்பவர் இங்கு தவறிவிடுவார். ஆனால் சாதாக் கெண்டையின் முதுகுத் துடுப்பு முதுகின் நடுவிலிருந்து வாலருகே வரை நீண்டு, 15க்கும் மேற்பட்ட கிளைத்த கதிர்களைக் கொண்டிருக்கும். அதன் குதத் துடுப்பிலும் பல்லுடைய முள் உண்டு. சிஸ்டோமஸ் சரானாவில் அவ்வாறில்லை.

வகைப்பாடு

பிரான்சிசு ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றிய தமது நூலில் இம்மீனைச் சிப்ரினஸ் சரானா என விவரித்தார். பின்னர் இது பார்பஸ், புண்டியஸ் முதலிய பேரினங்களில் வைக்கப்பட்டது. ரோகன் பெத்தியாகொட உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள் 2012இல் தெற்காசியப் புண்டியஸ் மீன்களைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது சிஸ்டோமஸில் சேர்க்கப்பட்டது. பழைய நூல்களில் புண்டியஸ் சரானா என்றிருப்பது இதுவே. (அவ்வாய்வில் உருவான டாக்கின்சியா என்னும் பேரினம் உயிரியலாளர் ரிச்சர்டு டாக்கின்சின் பெயரைக் கொண்டது.)

தென்னிந்தியக் கெண்டை குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. 1842இல் வலான்சியேன், புதுச்சேரியில் கிடைத்த மீன்களைக் கொண்டு பார்பஸ் சப்நாசுட்டஸ் எனப் பெயரிட்டார். புதுச்சேரி, தென்பெண்ணை கடலில் கலக்கும் கடலூருக்குச் சற்று வடக்கே உள்ளது. இதனைச் சரானாவின் துணையினமாகக் கொள்வோரும், சிஸ்டோமஸ் சப்நாசுட்டஸ் எனத் தனி இனமாகக் கொள்வோரும் உளர். பின்னைய கருத்தின்படி தமிழ்நாட்டு ஆறுகளில் உள்ளது கங்கைச் சமவெளியின் மீனன்று. தீபகற்பத்திற்கே உரிய வேறோர் இனமாகும்.