தண்ணீர் நிற்கும் மூலைக்கு ஒரு புல்

எங்கள் வீட்டின் பின்வளவில் ஒரு மூலை எப்போதும் ஈரமாகவே கிடக்கும். கிளாஸ்கோவில் மழை ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பெய்யும். களிமண் அந்தத் தண்ணீரை லேசில் கீழே விடாது. இந்த வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் அந்த மூலையோடு மல்லுக்கட்டினேன். மணல் கொட்டினேன், சுண்ணாம்பு தூவினேன், ரோஜா நட்டேன். இரண்டாவது குளிர்காலத்தோடு ரோஜாவின் வேர் அழுகிவிட்டது. கடைசியில் கொங்கிறீற் போட்டு மூடிவிடுவோம் என்று ஆளைக் கூப்பிடப் போனேன்.

யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: "தண்ணி நிக்கிற இடத்தில பன் தானே புள்ள வளரும்."

அம்மா படுவான்கரையில் பன்பாய் இழைத்து எங்களை வளர்த்தவர். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அந்தப் பாயைத்தான் முதலில் சுருட்டுவோம். எங்களூர்ப் பன் இந்தக் குளிரைத் தாங்காது. ஆனால் அவர் சொன்னதில் இருந்த நியாயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. மண்ணை மாற்றப் பார்த்தேனே தவிர, அந்த மண்ணுக்கு ஏற்ற செடி எது என்று தேடவில்லை.

ஸ்கொட்லாந்தின் சதுப்புகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் தானாகவே வளரும் ஒரு புல் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொஃப்ட் ரஷ் என்பார்கள். தாவரவியற் பெயர் யுங்கஸ் எஃபியூசஸ். இது பன் சேர்ந்த கோரைக் குடும்பம் அல்ல. கோரைகளின் தண்டு பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும்; இதன் தண்டு உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். இலை என்று சொல்ல அடியில் பழுப்பு நிற உறைகள் மட்டுமே உண்டு. ஒரு மீற்றர் அளவுக்கு உயர்ந்து, உறைபனியிலும் பச்சையாக நிற்கும்.

மற்றச் செடிகளின் வேர் நீர் தேங்கிய மண்ணில் மூச்சுமுட்டிச் சாகும். ரஷ் புல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்று போகும் வெளிகள் இருக்கின்றன. மேலே உள்ள ஒட்சிசன் அந்த வழியாக வேருக்கு இறங்கும். அமில மண்ணும் இதற்குப் பிரச்சினை இல்லை. கடையில் வாங்கிய சோதனைப் பெட்டியில் எங்கள் மண்ணின் பிஎச் பெறுமானம் 5.5 என்று காட்டியது. 7க்குக் கீழே போனால் அது அமில மண். சுண்ணாம்பு தூவியது வீண்வேலை என்று தெரிந்தது.

நடுவது சுலபம். வசந்த காலத்தில், சித்திரை மாதமளவில், நாற்றுமேடையில் ஒரு கொத்து வாங்கி, கூரான மண்வெட்டியால் வேரோடு நாலாகப் பிரித்தேன். ஒன்றரை அடி இடைவெளி விட்டு, பழைய ஆழத்திலேயே நட்டேன். பசளை போடவில்லை. வெயில் படும் இடம் நல்லது, அரைநிழலிலும் வளரும். முதல் கோடையில் மட்டும் மண் காயாமல் பார்த்தால் போதும். பழுப்பான தண்டுகளை வசந்தத்தில் அடியோடு வெட்டிவிடுவேன்.

ஒரு விசயத்தில் கவனம் வேண்டும். கோடையில் தண்டின் பக்கத்தில் பழுப்புப் பூங்கொத்து வரும். அதிலிருந்து தூள் போன்ற விதைகள் ஆயிரக்கணக்கில் விழும். மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். இங்குள்ள பண்ணைக்காரர் இதைக் களை என்று திட்டுவது அதனால்தான். விதை முற்ற முன்னர் பூவை வெட்டுங்கள். இடம் சிறிதென்றால் அடியில் துளையில்லாத தொட்டியில் வளருங்கள்.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு: இதன் விதையைக் கேட்டு எழுதாதீர்கள். அனுமதியில்லாமல் செடி, விதை கொண்டுவருவது சட்டப்படி குற்றம். பரவினால் உங்கள் வயலுக்கும் கேடு. உங்களிடம் பன் இருக்கிறது. வளவின் ஈரமூலையை மண் போட்டு நிரப்ப முதல், அங்கே பன் வளருமா என்று பாய் இழைக்கத் தெரிந்த ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

யப்பானில் தத்தாமி விரிப்பின் மேற்பகுதியை இந்தப் புல்லின் ஒரு வகையால்தான் நெய்கிறார்கள். குமமொட்டோ மாகாணம் அதற்குப் பெயர்போனது. அதை அம்மாவிடம் சொன்னேன். மூன்றாவது கோடையில் அவர் தானே கத்தியோடு இறங்கி ஒரு கட்டு வெட்டினார். நிழலில் உலர்த்தி, ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்தி இழைத்துப் பார்த்தார். காய்ந்ததும் தண்டு பாதியாகச் சுருங்கிவிட்டது. உள்ளே பஞ்சு போன்ற சோறு இருப்பதால் பன் போல இறுகவில்லை என்று குறைப்பட்டார். படுக்கப் பாய் வரவில்லை. தேநீர்க் கோப்பை வைக்க ஆறு தடுக்குகள் வந்தன.

கொங்கிறீற் போடவில்லை. இந்த வருடம் ஒரு மாதம் பிந்தி வெட்டிப் பார்க்கவேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.