ஷாங்காயின் வானத்தை மாற்றிய அகதி: லாஸ்லோ ஹுடெக்

1918ஆம் ஆண்டு ஷாங்காய் துறைமுக நகரை வந்தடைந்த லாஸ்லோ ஹுடெக், சைபீரியாவில் ரஷ்யர்களின் பிடியிலிருந்து தப்பிய போர்க்கைதி. 25 வயது. புடாபெஸ்ட்டில் கட்டடக்கலை படித்தவர். அவர் பிறந்த ஒஸ்ரிய - ஹங்கேரியப் பேரரசு அந்த ஆண்டிலேயே சிதறியது. சொந்த ஊர் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. திரும்பிச் செல்ல நாடு இருக்கவில்லை.

அன்றைய ஷாங்காய் முழுமையான குடியேற்ற நாடல்ல. ஆனால், அதன் மையப்பகுதிகள் சர்வதேசக் குடியிருப்பாகவும் பிரெஞ்சுப் பகுதியாகவும் வெளிநாட்டவரின் நிர்வாகத்தில் இருந்தன. பிரித்தானியரும் அமெரிக்கரும் சீனச் சட்டத்துக்குக் கட்டுப்படவில்லை. குற்றம் செய்தாலும் தத்தமது நாட்டு நீதிமன்றங்களிலேயே விசாரிக்கப்பட்டனர். போரில் எதிரணியில் நின்ற நாட்டைச் சேர்ந்த ஹுடெக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் சீனச் சட்டத்துக்கு உட்பட்டவர்.

இந்தப் பலவீனமே அவருக்குக் கைகொடுத்தது என்று வரலாற்றாய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். தகராறு ஏற்பட்டால் சீன நீதிமன்றத்துக்கே இழுக்கக்கூடிய ஒரு வெளிநாட்டவரைச் சீன முதலாளிகள் நம்பினார்கள்.

அமெரிக்கர் ஒருவரின் நிறுவனத்தில் வரைவாளராகத் தொடங்கிய ஹுடெக், 1925இல் தனி அலுவலகம் திறந்தார். 1933இல் கிராண்ட் தியேட்டர், 1934இல் சீன வங்கிகளின் கூட்டமைப்புக்காகப் பார்க் ஹொட்டேல். ஷாங்காயின் நிலம் ஆற்று வண்டல். கனத்த கட்டடம் புதையும். ஆழமாக அடிக்கப்பட்ட மரத்தூண்கள் மீது கொங்கிரீட் தளம் அமைத்து, உருக்குச் சட்டத்தில் 22 மாடிகளை எழுப்பினார். சுமார் 84 மீற்றர் உயரம். அன்று ஆசியாவிலேயே உயரமானது. அது எழுவதைப் பார்த்த சிறுவன் ஐ.எம். பெய், பின்னாளில் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிட்டை வடிவமைத்தார்.

1947இல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஹுடெக் ஷாங்காயை விட்டு வெளியேறினார். மீண்டும் ஒரு புலம்பெயர்வு. 1958இல் கலிபோர்னியாவில் காலமானார். அவருக்கு வேலை கொடுத்த முதலாளிகளும் சிதறினர். அவர் வடிவமைத்த நோர்மண்டி அடுக்குமாடி இன்று வுகாங் கட்டடம் என்று பெயர் மாறி, இளைஞர்கள் கூடிநின்று படமெடுக்கும் சந்தியாகிவிட்டது.

குடியேற்ற அதிகாரம் கட்டியெழுப்பிய நகரம் என்று ஷாங்காயைச் சொல்வது எளிது. அதன் மிக உயர்ந்த கட்டடத்தை எழுப்பியதோ சீனர்களின் பணமும், அந்த அதிகாரத்தின் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே நின்ற ஒரு நாடிழந்தவரின் கையும்தான்.