ஆங்கில உறவுத் தொடர்களில் நோக்குத் துணைவினைகளும் தமிழ்ப் பெயரெச்சமும்

1. முன்னுரை

ஒரு செயல் நிகழ்ந்தது என்று கூறுவதோடு நில்லாமல், அது நிகழ வேண்டியதா, நிகழக் கூடியதா, நிகழ்த்த இசைவு பெற்றதா என்பனவற்றையும் சுட்டும் பொருட்கூறு வினைநோக்கு எனப்படும். ஆங்கிலத்தில் இதனை உணர்த்தும் மையத் துணைவினைகள் ஒன்பது: 'கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், உட், மஸ்ட்'. தமிழில் 'வேண்டும், கூடும், முடியும், -லாம், -ட்டும்' முதலியன இப்பணியைச் செய்கின்றன. தனி வாக்கியங்களில் இவ்விரு தொகுதிகளையும் ஒன்றற்கு ஒன்றாக வைத்து மொழிபெயர்ப்பதில் பெரிய இடர்ப்பாடு இல்லை. 'ஹூ, விச், தட்' முதலிய சொற்களால் தொடங்கி ஒரு பெயரைத் தழுவி நிற்கும் உறவுத் தொடர்களில் இத்துணைவினைகள் வரும்போதே சிக்கல் எழுகிறது. அச்சிக்கலின் காரணத்தையும் அது மொழிபெயர்ப்பில் விளைவிக்கும் பொருள் மாற்றங்களையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

2. அமைப்பு வேறுபாடு

ஆங்கில நோக்குத் துணைவினைகளுக்கு முற்று வடிவம் மட்டுமே உண்டு. எச்ச வடிவங்கள் இல்லை. எனினும் இக்குறை உறவுத் தொடரைப் பாதிப்பதில்லை. ஆங்கில உறவுத் தொடர் தன்னளவில் முற்றுவினை கொண்ட தொடராதலின், துணைவினை தன் வடிவம் மாறாமலே அதனுள் அமர்கிறது. 'ஹி மஸ்ட் பே' என்பதில் உள்ள 'மஸ்ட்', 'த மேன் ஹூ மஸ்ட் பே' என்பதிலும் அவ்வாறே நிற்கிறது.

தமிழில் நிலைமை வேறு. பெயரைத் தழுவும் தொடரின் வினை திணை, பால், எண், இட விகுதிகளை இழந்து பெயரெச்சமாகிறது. தொல்காப்பியர் 'செய்யும்', 'செய்த' என்னும் வாய்பாடுகளைக் கூறினார். நன்னூலார் 'செய்கின்ற' என்பதையும் சேர்த்து மூன்றாக்கினார். ஆகவே நோக்குத் துணைவினையும் பெயரெச்ச வடிவம் பெற்றாலன்றிப் பெயருக்கு முன் நிற்க இயலாது. இந்த அடிப்படையில் தமிழ்த் துணைவினைகள் இரு வகைப்படும்.

அ) பெயரெச்ச வடிவம் உடையன: வேண்டும் - வேண்டிய, கூடும் - கூடிய, கூடாது - கூடாத, முடியும் - முடிந்த, முடிகிற, முடியாது - முடியாத.

ஆ) பெயரெச்ச வடிவம் அற்றன: -லாம், -ட்டும்.

இரண்டாம் வகையின் இடர் வெளிப்படையானது. முதல் வகையின் இடர் மறைவானது. அங்கே வடிவம் கிடைக்கிறது. ஆனால் முற்றில் இருந்த பொருள்கள் அனைத்தும் பெயரெச்சத்தில் எஞ்சுவதில்லை. முற்றில் இருபொருள் பட நிற்கும் துணைவினை பெயரெச்சத்தில் பெரும்பாலும் ஒருபொருட்டாகிறது. மொழிபெயர்ப்பாளருக்குத் தேவையான பொருளே அங்கு இழக்கப்படுமாயின், பிழை நேர்வது உறுதி.

3. 'மஸ்ட்' என்பதும் 'வேண்டிய' என்பதும்

'மஸ்ட்' கடப்பாட்டையும் குறிக்கும். சான்றுகளைக் கொண்டு செய்யும் துணிபையும் குறிக்கும். தமிழ் முற்றாகிய 'வேண்டும்' என்பதும் அவ்வாறே.

(1) இக்கடிதத்தை அவர் எழுதியிருக்க வேண்டும்.

இது 'அவரே எழுதினார் என்று துணியலாம்' எனவும் பொருள்படும். 'எழுதுவது அவர் கடமை, ஆனால் எழுதவில்லை' எனவும் பொருள்படும். சூழல் இரண்டையும் பிரித்துக் காட்டும். இப்போது 'த மேன் ஹூ மஸ்ட் ஹேவ் ரிட்டன் திஸ் லெட்டர்' என்னும் தொடரைக் கருதுக. இதன் பொருள் துணிபு ஒன்றே. இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிடைப்பது:

(2) இக்கடிதத்தை எழுதியிருக்க வேண்டிய மனிதர்

இத்தொடரைப் படிக்கும் தமிழர் எவரும் கடிதத்தை எழுதியவர் அவர் என்று கொள்ளார்; எழுதக் கடமைப்பட்டும் எழுதாதவர் என்றே கொள்வர். மூலம் 'எழுதினார்' என்று துணிய, பெயர்ப்பு 'எழுதவில்லை' என்று உணர்த்துகிறது. 'ஐந்து மணிக்கு வந்திருக்க வேண்டிய ரயில்' என்பது வராத ரயிலையும், 'பள்ளியில் இருக்க வேண்டிய சிறுவன்' என்பது பள்ளியில் இல்லாத சிறுவனையும் சுட்டுதல் காண்க. 'வேண்டிய' என்னும் பெயரெச்சம் கடப்பாட்டை மட்டும் ஏற்றுத் துணிபைக் கைவிட்டது என்பது இவற்றால் தெளிவாகும்.

துணிபைப் பெயர்க்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, 'என்று' கொண்டு முற்றை முற்றாகவே காத்தல்: 'இக்கடிதத்தை எழுதியிருக்க வேண்டும் என்று கருதத்தக்க மனிதர்'. மற்றொன்று, தொடரைப் பிரித்துத் தனி வாக்கியமாக்கல்: 'இக்கடிதத்தை எழுதியவர் அவராகத்தான் இருக்க வேண்டும்'.

4. 'மே' என்பதும் 'கூடிய' என்பதும்

'மே' இசைவையும் வாய்ப்பையும் குறிக்கும். தமிழில் '-லாம்' இவ்விரண்டையும் ஏற்கும். '-லாம்' பெயரெச்சமாகாமையின் அதன் இடத்தை 'கூடிய' நிரப்புகிறது. ஆனால் 'கூடிய' முதன்மையாக வாய்ப்பையும் ஆற்றலையும் சுட்டுவது. 'பெர்சன்ஸ் ஹூ மே என்டர் த ரூம்' என்பது ஒரு விதியில் வருமாயின், அது நுழைய இசைவு பெற்றோரைக் குறிக்கும். 'அறைக்குள் நுழையக்கூடியவர்கள்' என்னும் பெயர்ப்போ நுழைந்துவிட வாய்ப்புள்ளோரையும் தழுவும். காவலர் தடுக்க வேண்டியவர்களும் இத்தொடருள் அடங்குவர். 'நுழைய அனுமதி பெற்றவர்கள்', 'நுழைய உரிமையுடையவர்கள்' என்பனவே பொருந்தும்.

எதிர்மறையில் நிலை தலைகீழாகிறது. 'நுழையக்கூடாதவர்கள்' என்பது வாய்ப்பின்மையைக் குறிப்பதில்லை, தடையையே குறிக்கிறது. எனவே 'கெஸ்ட்ஸ் ஹூ மே நாட் கம்' என்பது 'வராமல் இருந்துவிடக்கூடிய விருந்தினர்' என்னும் பொருளில் வரும்போது, 'வரக்கூடாத விருந்தினர்' என்று பெயர்த்தல் விருந்தினரை விலக்கப்பட்டவராக்கிவிடும். 'வராமற் போகக்கூடிய' என எதிர்மறையை முதல்வினையில் வைத்தலே முறை. உடன்பாட்டில் வாய்ப்பையும் எதிர்மறையில் தடையையும் சுட்டும் இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பாளர் நினைவில் இருத்தற்குரியது.

இக்கால மேடைப் பேச்சிலும் செய்தி வாசிப்பிலும் 'நடைபெறக்கூடிய விழா', 'இருக்கக்கூடிய மக்கள்' எனக் 'கூடிய' பொருளின்றி ஒட்டப்படுதலும் காணப்படுகிறது. இங்கு அது 'நடைபெறும்', 'இருக்கிற' என்பனவற்றின் நீட்சியே. இவ்வழக்குப் பரவப் பரவ, வாய்ப்பைச் சுட்டும் ஆற்றலும் அச்சொல்லில் தேய்கிறது.

5. 'குட்' என்பதும் 'முடிந்த' என்பதும்

'குட்' இறந்தகாலத்தில் பொதுவான ஆற்றலைக் குறிக்கும். அவ்வாற்றல் பயன்பட்டதா என்பதைக் கூறாது. 'முடிந்த' என்பதோ செயல் நிறைவேறியதையும் உடன் உணர்த்தும். 'அவரால் தூக்க முடிந்த பெட்டி' என்பது அவர் தூக்கிய பெட்டி. ஆற்றல் மட்டுமே கருதப்படின் 'அவர் தூக்கக்கூடியதாக இருந்த பெட்டி' என்றல் வேண்டும். 'முடியாத' என்னும் எதிர்மறையில் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

6. துணைவினை இல்லாத வினைநோக்கு

ஆங்கிலத்தில் 'எ புக் டு ரீட்' போன்ற தொடர்களில் துணைவினை எதுவும் இல்லை. எனினும் 'படிக்க வேண்டிய', 'படிக்கத்தக்க', 'படிப்பதற்கான' என்னும் பொருள்கள் சூழலால் பெறப்படுகின்றன. தமிழில் 'செய்யும்' என்னும் பெயரெச்சம் இதனோடு ஓரளவு ஒப்பது. 'குடிக்கும் நீர்' என்பது ஒருவர் குடித்துக்கொண்டிருக்கும் நீரை மட்டுமன்றிக் குடித்தற்கு உரிய நீரையும் குறிக்கும். ஆதலின் ஆங்கிலத்தில் துணைவினை கண்ட இடமெல்லாம் தமிழிலும் ஒன்றை இட வேண்டும் என்னும் நியதி இல்லை. சில இடங்களில் 'செய்யும்' என்பதே போதியது.

7. சட்ட மொழிபெயர்ப்பில் இதன் இடம்

1973ஆம் ஆண்டின் அதிகாரமுறை வாசகங்கள் (மத்தியச் சட்டங்கள்) சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் அரசிதழில் வெளியிடப்படும் மாநில மொழிபெயர்ப்பு அம்மொழியில் அச்சட்டத்தின் அதிகாரமுறை வாசகமாகக் கொள்ளப்படும். எனவே தமிழ்ப் பெயர்ப்பு வெறும் விளக்கவுரையாக நின்றுவிடுவதில்லை. குடிமகன் தன் உரிமையையும் கடமையையும் அறியும் வாசகமாகிறது. சட்டங்களில் உரிமையும் கடமையும் உடையோர் பெரும்பாலும் உறவுத் தொடர்களாலேயே வரையறுக்கப்படுகின்றனர். மேல்முறையீடு செய்ய உரிமையுடையவரை 'மேல்முறையீடு செய்யக்கூடியவர்' என்று எழுதினால் உரிமை வாய்ப்பாகச் சுருங்குகிறது. கட்டணம் செலுத்தக் கடமையில்லாதவரை 'கட்டணம் செலுத்தக்கூடாதவர்' என்று எழுதினால் விலக்கு தடையாகிறது. 'கட்டணம் செலுத்தத் தேவையில்லாதவர்' என்பதே பொருள் காக்கும்.

8. முடிவுரை

உறவுத் தொடரில் நோக்குத் துணைவினையைக் காணும் மொழிபெயர்ப்பாளர் முதற்கண் அதனைத் தனி வாக்கியமாக்கி, அது கடப்பாடா, இசைவா, வாய்ப்பா, ஆற்றலா, துணிபா எனத் தெளிதல் வேண்டும். அதன்பின் தமிழ்ப் பெயரெச்சம் அப்பொருளைத் தாங்குமா எனச் சோதித்தல் வேண்டும். தாங்காதவிடத்து 'உரிமையுடைய', 'கடமைப்பட்ட', 'தேவையற்ற' போன்ற பெயர்வழிச் சொற்களையோ, 'என்று' கொண்ட தொடரையோ, தனி வாக்கியத்தையோ நாடுதல் தகும். இருமொழி அகராதிகள் 'மஸ்ட் - வேண்டும்', 'மே - லாம்' என முற்று வடிவங்களையே தருகின்றன. பெயரெச்ச நிலையில் எப்பொருள் எஞ்சும், எப்பொருள் ஒழியும் என்பதையும் அவை குறிக்குமாயின் மொழிபெயர்ப்பாளருக்கு அது பெருந்துணையாகும்.